சபியா உம்மாவின் இரண்டு குழாய்கள்

கொழும்பு
31 ஓகஸ்ட் 2021, செவ்வாய்

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் இப்படித் தொடங்குகிறேன்.

இதைச் சாரதி இன்ஸாபிடம் கொடுத்து அனுப்புகிறேன். திங்களும் வியாழனும் நம் பக்கத்துச் சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் கொண்டு வருகிறவர், மறுநாள் வெறும் பெட்டியோடுதான் திரும்புகிறார். அதற்குள் ஒரு கடிதம் போவதில் யாருக்கும் நட்டம் இல்லை. உம்மா மௌத்தாகி நாலு கிழமையாகிறது. நான் எடுக்கிற எந்தப் போனுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. மச்சியிடம் கேட்டால் காக்கா குளிக்கிறார் என்கிறார். காலையிலும் குளிக்கிறார், பகலிலும் குளிக்கிறார். இவ்வளவு குளிக்கிற ஆளை நான் கண்டதில்லை.

ஜனாஸாவுக்கு மகள் வரவில்லை என்பதுதான் கோபம் என்று நினைக்கிறேன். ஆய்வுகூடத்தில் இரண்டு பேருக்குக் கொரோனா வருத்தம் வந்து எங்கள் எல்லோரையும் விடுதிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். இதை மச்சியிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

இப்போது எழுதுவது வேறு விசயம். கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் என் வேலை இதில்தான் தொங்குகிறது.

எங்கள் வேலை என்னவென்று ஊரில் பலருக்குத் தெரியாது. ஒருவருக்குக் கொரோனா இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதோடு நாங்கள் நிற்பதில்லை. இருந்தால், அது எந்தத் திரிபு என்றும் மரபணுவைப் பார்த்துச் சொல்வோம். அல்பாவா, டெல்டாவா என்று. அம்பாறைக் கரையோரத்து பொசிட்டிவ் சாம்பிள்கள் எல்லாவற்றையும் திரிபுக்குப் பார்க்கும்படி எங்கள் மேடம் போன கிழமை சொன்னார். பட்டியலில் உம்மாவின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, ஜூலை பன்னிரண்டாம் தேதி வீட்டில் வைத்து நீங்கள் எடுத்தது. இரண்டாவது, ஜூலை இருபத்தெட்டில் சிகிச்சை நிலைய வாட்டில் எடுத்தது.

முதல் குழாயில் அல்பா. இரண்டாவது குழாயில் டெல்டா.

அல்பா ஒரு மனிதரின் உடம்புக்குள் இருந்து டெல்டாவாக மாறாது. பதினாறு நாளில் ஒன்று முற்றாகப் போய் மற்றது வந்தது என்றால், அது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் மேடம் தன் அனுபவத்தில் கண்டதில்லை. இரண்டாம் குழாயில் அல்பாவின் சுவடுகூட இல்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஆகவே முதல் குழாயில் பிழை இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அன்று ஒன்றாகப் பரிசோதித்த அந்தத் தட்டில் குழாய்களைத் திறந்தது நான். பொசிட்டிவ் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நான். செப்டம்பர் முப்பதாம் தேதி விசாரணை.

ஒரே ஒரு கேள்வி. அன்று நம் ஒழுங்கையில் நீங்கள் வீடு வீடாக வரிசையாகப் பலருக்கு எடுத்தீர்கள். பெயர் ஒட்டும்போது ஒரு குழாய் மாறியிருக்குமா? வேண்டுமென்று யாரும் செய்யமாட்டார்கள், தெரியும். ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

ஆகிலா

*

கல்முனை
6 செப்டம்பர் 2021

ஆகிலா அறிவது,

வஅலைக்கும் ஸலாம். கடமை முடிந்தது.

ஒட்டிய பெயர்களில் பிழை இல்லை. பன்னிரண்டு வருடமாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை பார்க்கிறேன். ஒரு ஒழுங்கைக்குள் ஒன்பது குழாய்க்குப் பெயர் ஒட்டத் தெரியாதவனா நான்? உம்மாவின் பெயர் உம்மாவின் குழாயில்தான் ஒட்டப்பட்டது. உன் மேடத்திடம் அப்படியே சொல்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மௌத்தான மனிசியின் சளியைத் திரும்ப எடுத்துக் கிண்டிப் பார்க்க உனக்கு எப்படிக் கை வந்தது? அல்பாவோ டெல்டாவோ, அதைத் தெரிந்து இனி யாருக்கு என்ன? நீ பெயர் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாய். நான் கொரோனா ஜனாஸாக்களை அடக்குகிற ஓட்டமாவடிக்குப் போய் வந்தவன்.

அதையும் கேள். ஜனாஸாவைப் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டவில்லை. கபன் துணியை உள்ளே வைத்ததாகச் சொன்னார்கள், நான் காணவில்லை. தூரத்தில் நின்று தொழுதேன். பக்கத்துக் குழியில் யாரென்று கேட்டேன், கண்டியோ மாத்தளையோ என்றார்கள். நட்ட கம்பில் ஒரு இலக்கம். வாப்பா கல்முனைக்குடி மையவாடி மண்ணில் தனியாகக் கிடக்கிறார், உம்மா எழுபது எண்பது கிலோமீற்றருக்கு அப்பால் தெரியாத ஆட்களுக்கு நடுவில். தொழுவித்தவர் என் தோளில் கையை வைக்கப் போய், பிறகு கொரோனா ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

பேக்கரிப் பாண் விற்கிற முகைதீன்பாவாவை உனக்குத் தெரியும்தானே, பாட்டுப் போட்டபடி முச்சக்கர வண்டியில் வருகிறவர். ஒழுங்கையில் முதலில் பொசிட்டிவ் வந்தது அவருக்கு. அதனால்தான் எல்லோருக்கும் எடுத்தோம். அவர்தான் உம்மாவுக்குக் கொடுத்தார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஏழாம் நாள் கத்தம் ஓதும்போது வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "எனக்கு மாப்புச் செஞ்சிருங்க தம்பி, உங்கட உம்மாவ நான்தான் கொன்னுட்டன்" என்று அழுதார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பு என்றேன். அவரிடம் இப்போது யாரும் பாண் வாங்குவதில்லை.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. படித்தவள், கதைத்துச் சமாளிப்பாய்.

நளீம்

*

கொழும்பு
14 செப்டம்பர் 2021

காக்கா,

ஓட்டமாவடியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் திட்டி எழுதியதையும்தான். உங்கள் எழுத்தைக் கண்டே எவ்வளவு நாள்.

சமாளிக்க முடியவில்லை. என்னை வேலை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெறும் பெட்டிகளுக்குத் தேதி எழுதி ஒட்டுகிறேன். அன்று அந்தத் தட்டில் இருந்த தொண்ணூற்றிரண்டு பேரின் முடிவையும் சந்தேகம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதில் ஒரு கர்ப்பிணி, பொசிட்டிவ் என்று சொன்னதால் பிள்ளையைப் பெற்று ஏழு நாள் பார்க்காமல் இருந்தவராம். அவருடைய புருசன் போன் எடுத்து, யார் அந்தப் பரிசோதனையைச் செய்தது என்று கேட்டார். அந்தப் போனுக்குப் பதில் சொன்னது நான். பெயர் சொல்லவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஆனால் உண்மையில் என்னை அரிப்பது வேறு. நான் குழாயை மாற்றியிருந்தால் உம்மாவுக்கு அன்று கொரோனாவே இல்லை. வழக்கமான தொய்வு இழுப்புதான், வழக்கமான இருமல்தான். கொரோனா இல்லாத மனிசியை, கொரோனாக்காரர் இருநூறு பேருக்கு நடுவில் கொண்டுபோய் விட்டோம். அங்கேதான் டெல்டா பிடித்தது. அப்படியானால் உம்மாவைக் கொன்றது முகைதீன்பாவா இல்லை காக்கா. என் கையெழுத்து.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அன்று நான்தான் போன் எடுத்துச் சொன்னேன், உம்மாவுக்குப் பொசிட்டிவ் என்று. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

இரண்டு சின்ன விசயம் கேட்கிறேன். உம்மாவுக்கு முன்னும் பின்னும் யாருக்கு எடுத்தீர்கள்? மற்றது, உம்மா மூக்கைத் தொட விடவேமாட்டார். சின்ன வயதில் அவருக்கு மூக்குத்தி குத்தப் போய் மயங்கி விழுந்த கதையை எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். பஞ்சுக்குச்சியை எப்படி விட்டார்? குச்சி சரியாக உள்ளே போகாமல் இருந்திருந்தால் அதையும் விசாரணையில் சொல்லலாம்.

ஆகிலா

*

கல்முனை
16 செப்டம்பர் 2021

ஆகிலா அறிவது,

முன்னால் பக்கத்து வீட்டு ராத்தாவின் மகன். பின்னால் மூலை வீட்டுக் கிழவர். இரண்டு பேருக்கும் நெகட்டிவ். உம்மா விட்டார். பெற்ற மகன் எடுத்தால் விடாமல் என்ன.

உன்னை நீயே கொலைகாரி என்று எழுதாதே. வாசிக்க முடியவில்லை.

ஒரு வழி சொல்கிறேன். அன்று ஐஸ் பெட்டி மூடாமல் வெயிலில் கிடந்தது, சாம்பிள் எல்லாம் கெட்டுப்போயிருக்கலாம் என்று பணிமனைத் தாளில் எழுதித் தருகிறேன். இன்ஸாப் நல்ல மனிசன், ஒரு வார்த்தை ஏச்சு வாங்கினால் குறைந்துபோகமாட்டான். பெட்டியில் போட்டுவிடலாம் பழியை. நீயும் தப்பலாம், எல்லோரும் தப்பலாம்.

வேண்டுமென்றால் உடனே எழுது. நேரம் இல்லை.

நளீம்

*

கொழும்பு
21 செப்டம்பர் 2021

காக்கா,

இன்ஸாப் காக்காவின் பெயரில் பழி போடவேண்டாம். உங்கள் கடிதத்தைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தவர் அவர். ஐஸ் கரைந்தால் வைரஸ் அழியும், அல்பாவாக மாறாது. உங்களுக்கும் அது தெரியும்.

போன வெள்ளி ஒரு வேலை செய்தேன். செய்யக்கூடாத வேலை. மேசைக்கு வரக்கூடாது என்று சொல்லப்பட்டவள், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் உறைபெட்டியைத் திறந்து உம்மாவின் முதல் குழாயை எடுத்தேன்.

பஞ்சுக்குச்சியில் வைரஸ் மட்டும் வருவதில்லை. மூக்கின் உட்தோலும் கொஞ்சம் உரசி வருகிறது. அதில் அந்த ஆளின் மரபணு இருக்கும். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு மரபணு இருக்கிறது. அதைத் தேட எங்களிடம் மருந்து உண்டு, வேறு ஆராய்ச்சிக்கு வாங்கியது. தேடினேன். இருந்தது. இரண்டாவது குழாயில், வாட்டில் எடுத்ததில், இல்லை. அது உம்மா.

முதலாவது ஒரு ஆணுடையது. ஒரு துளி தெறித்த கதை இல்லை. குழாயில் இருந்தது முழுவதும் ஒரு ஆண்.

தட்டில் வேறு எந்த ஆணின் குழாயிலாவது இருந்து நான் மாற்றி ஊற்றினேனா என்று பார்த்தேன். அந்தத் தட்டில் பொசிட்டிவ் வந்த ஆண் ஒருவர்கூட இல்லை. வந்த நாலு பேரும் பெண்கள். இருக்கிற எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்தக் குழாய் கொழும்புக்கு வரும்போதே ஒரு ஆணின் சளியோடுதான் வந்தது, உம்மாவின் பெயரை ஒட்டிக்கொண்டு. பெயர் மாறவில்லை என்று நீங்கள் எழுதினீர்கள். அது உண்மை. உம்மாவின் பெயர் உம்மாவின் குழாயில்தான் ஒட்டப்பட்டது.

அன்று உம்மாவின் அறைக்குள் போன ஆண் எத்தனை பேர், காக்கா?

இதை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் எனக்கு விடுதலை. மற்றத் தொண்ணூற்றொரு பேருக்கும் தங்கள் முடிவு சரியென்று தெரியும். என்ன நடந்தது என்று உங்கள் வாயால் தெரிந்தால்தான் காட்டுவதா இல்லையா என்று என்னால் முடிவு செய்ய முடியும். வியாழன் ஒரு பெட்டி வரும், திங்கள் ஒரு பெட்டி வரும். இரண்டுக்கும் காத்திருப்பேன்.

ஆகிலா

*

கல்முனை
29 செப்டம்பர் 2021, புதன்

தங்கச்சி,

இரண்டு பெட்டியும் என் கையைத் தாண்டித்தான் போயின. வியாழன் எழுதிக் கிழித்தேன். திங்கள் எழுதி இன்ஸாபின் கையில் கொடுத்து, வண்டி வெளிக்கிடும்போது ஓடிப் போய்த் திருப்பி வாங்கினேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நாளைக்குப் போகிற பெட்டியில் இது வரும். விசாரணை நாளைக்கு என்று தெரியும். அதற்குள் கிடைக்காது என்றும் தெரியும். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நீயாகவே மேடத்திடம் இரண்டு நாள் தவணை கேட்டிருந்தால் நல்லது.

அது நான்தான்.

உம்மாவுக்கு மூன்று நாளாக இருமல். நான் போனபோது கட்டிலில் இருந்து தொய்வுக்கு அடிக்கிற பம்பைக் கையில் வைத்திருந்தார். பாதுகாப்பு உடுப்பு எல்லாம் போட்டு, முகத்தை மூடிக்கொண்டு போன என்னைக் கண்டதும் பயந்துவிட்டார். "என்னய ஓட்டமாவடிக்கு மட்டும் அனுப்பிராத மகன். நான் வாப்பாக்குப் பக்கத்தில கிடக்க வேணும்" என்றார். பொசிட்டிவ் வந்தால் கொண்டுபோவார்கள், அறுபத்தெட்டு வயது, தொய்வு வேறு, திரும்பி வரமாட்டார் என்று எனக்குப் பட்டது. அந்த நேரத்தில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். கதவுக்குப் பின்னால் திரும்பி நின்று என் மூக்கில் விட்டு எடுத்து உம்மாவின் குழாயில் போட்டு மூடினேன். நான் இரண்டு ஊசியும் போட்டவன். அதற்கு முந்திய கிழமை எனக்கு நெகட்டிவ். உடம்பில் ஒரு நோவில்லை, காய்ச்சல் இல்லை. என் மூக்கைப் போலச் சுத்தமான மூக்கு கல்முனையில் இல்லை என்று நினைத்தேன்.

நீ போன் எடுத்துச் சொன்னபோது லைன் வெட்டுப்படவில்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்ச் சாம்பிள் அனுப்பியவன் என்று வேலை போகும், பொலிசுக்குப் போகும், நான் எடுத்த ஆயிரக்கணக்கான குழாயையும் சந்தேகப்படுவார்கள். பதினாலு நாள்தானே, சாப்பாடு கொடுப்பார்கள், வந்துவிடுவார் என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். அம்புலன்சில் ஏற்றியதும் நான்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. ஏறும்போது உம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"நீ எனக்குக் குச்சி விடவே இல்லயே மகன். பிறகு எப்படிப் பொசிட்டிவ் வந்த?"

மெசினில் காட்டுது உம்மா என்றேன்.

அவர் ஏறிவிட்டார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி ஏறினார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு சிகிச்சை நிலையக் கேற்றில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். போனில், நெஞ்சு நல்லமாகிட்டு, எப்ப வீட்ட போகலாம் என்று கேட்டார். ஆறு நாளில் காய்ச்சல் தொடங்கியது.

நீ உன்னைக் கொலைகாரி என்று எழுதியபோது சொல்லியிருக்க வேண்டும். முகைதீன்பாவா வாசலில் நின்று அழுதபோது சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு மாப்புக் கொடுத்தேனே, அந்த வாய் இன்னும் எனக்கு இருக்கிறது. நான் எந்நேரமும் குளிப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். உம்மாவைக் குளிப்பாட்டக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணிமனை முத்திரையும் குத்தியிருக்கிறேன். மேடத்திடம் கொடு. எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

இன்னொன்று. உம்மாவுக்கு முதலில் வருத்தமே இல்லை என்று எழுத்தில் வந்தால், அவரை ஓட்டமாவடியிலிருந்து எடுத்து வந்து வாப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க விடுவார்களா? கேட்டு எழுது.

எனக்கு மாப்புச் செய் தங்கச்சி.

காக்கா

*

கொழும்பு
1 ஒக்டோபர் 2021, வெள்ளி

காக்கா,

உங்கள் கடிதம் இன்று காலை ஏழு மணிக்குக் கிடைத்தது. நேற்று மூன்று மணிக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குழாய்களை மாற்றியது நான், கவனயீனம், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று.

மேடம் நல்ல மனுசி. மூன்று முறை கேட்டார். "ஆகிலா, உங்களுக்குச் சொல்ல வேறு ஏதும் இருக்கிறதா?" மூன்றாம் முறை கேட்கும்போது எனக்காக அழுதுவிடுவார்போல இருந்தது. இல்லை என்றேன். வியாழன் பெட்டியில் கடிதம் இல்லை. திங்கள் பெட்டியில் இல்லை. நேற்று விசாரணைக்குப் போகும் வழியில் உங்கள் மூன்று பிள்ளைகளையும் நினைத்தேன், மச்சியை நினைத்தேன். அதனால்தான் செய்தேன் என்று எழுதினால் நல்லவள்போல இருக்கும். முழு உண்மை அது இல்லை. என் காக்காவால் சொல்ல முடியாததை நான் ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற ரோசம்தான் அதிகம். அதன் பிறகு முதல் குழாயை எரிக்கிற பெட்டிக்குள் போட்டேன். நான் பார்த்த பரிசோதனையின் தாளையும் போட்டேன். இனி யாரும் எதையும் தேட முடியாது. அந்தக் குழாய் இருந்தால் ஒரு நாள் நானே எடுத்துக் காட்டிவிடுவேன் என்று பயந்தேன்.

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பரிசோதனை செய்யும் அனுமதியும் போகும் என்கிறார்கள். பக்கத்து அறைப் பிள்ளைக்கு ஒரு தனியார் கடையில் கண்ணாடி விற்கிற வேலை இருக்கிறது, எனக்கும் கேட்டிருக்கிறாள். ஊருக்கு வரமாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எடுக்க விடமாட்டார்கள். உம்மாவின் மரணச் சான்றிதழ் இரண்டாம் குழாயை வைத்து எழுதப்பட்டது. அது உண்மையில் உம்மாவின் குழாய். அதில் உண்மையில் டெல்டா இருந்தது. முதல் குழாய் பொய்யாக இருந்தாலும் உம்மா கொரோனாவால்தான் மௌத்தானார். அதில் ஒரு பிழையும் இல்லை.

மாப்புக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் செய்ததற்கு, ஓம், நான் மாப்புத் தரலாம். இன்றைக்கு வரவில்லை, ஒரு நாள் வரும். உம்மாவுக்குச் செய்ததற்கு மாப்புத் தர எனக்கு அதிகாரம் இல்லை. அதைத் தரக்கூடிய ஒரே ஆளிடம் நீங்கள் மெசினில் காட்டுது என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இங்கே கொடுத்தால் நான் நேற்றுச் சொன்னது பொய்யென்று எனக்கு இன்னொரு விசாரணை வரும். உங்களிடமே இருக்கட்டும்.

ஆகிலா

*

கல்முனை
15 நவம்பர் 2021

தங்கச்சி,

ஆறு கிழமையாக உனக்கு எழுதவில்லை. கோபமில்லை. எழுத முன்னால் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும் என்றிருந்தேன். செய்துவிட்டேன், என்ன நடந்ததென்று கேள்.

உங்கள் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு கடிதம் பணிமனைக்கு வந்தது. ஜூலை பன்னிரண்டாம் தேதிச் சாம்பிள்களில் ஆய்வுகூடத்தில் தவறு நேர்ந்திருக்கிறது, உரிய உத்தியோகத்தர் ஏற்றுக்கொண்டார் என்று. பெயர் போடவில்லை. பெயர் எதற்கு, கொழும்பில் கொரோனா பார்க்கிற நம்மூர்ப் பெண் ஒருத்திதானே. இரண்டு நாளில் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது, சபியா உம்மாவின் மகளே உம்மாவைத் தவறாகப் பொசிட்டிவ் என்று அனுப்பிவிட்டாள் என்று. முகைதீன்பாவா பாண் வண்டியோடு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். "அப்ப அது நானில்லயா தம்பி? சொல்லுங்க, நானில்லயா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீங்க இல்லை என்றேன். நடு ஒழுங்கையில் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் விழுந்துவிட்டார் மனிசன். இப்போது அவரிடம் எல்லோரும் பாண் வாங்குகிறார்கள்.

அது எனக்குத் தாங்கவில்லை. அவர் தலையிலிருந்த பழியைத் தூக்கி உன் தலையில் வைத்தாயிற்று, என் தலை மட்டும் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு திரிகிறது. வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வைத்திய அதிகாரியிடம் போனேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். நளீம், தங்கச்சிக்காக நீங்கள் இவ்வளவு செய்யத் தேவையில்லை என்றார். சேர், அது நான்தான் என்றேன். உங்கள் உம்மா மௌத்தான துக்கத்தில் இருக்கிறீர்கள், பத்து நாள் லீவு எடுங்கள், இதை நான் காணவில்லை என்று சொல்லி எனக்கு முன்னாலேயே நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார்.

போன வெள்ளி பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து துஆவும் ஓதிய பிறகு எழுந்து நின்றேன். சலாம் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்றது, என் மூக்கு, அம்புலன்ஸ், உம்மா கேட்டது, நான் சொன்ன பதில் எல்லாம். ஒரு வசனம் விடவில்லை. அழவும் இல்லை, தெளிவாகத்தான் சொன்னேன். பின் வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. இனி என்ன செய்தாலும் செய்யட்டும் என்று உட்கார்ந்தேன்.

பள்ளித் தலைவர் எழுந்தார். பளீல் ஹாஜியார், உனக்குத் தெரியும், வாப்பாவோடு ஓதியவர். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தங்கச்சியின் மானத்தைக் காப்பாற்றத் தன் மானத்தைப் பள்ளிக்குள் வைத்து விற்கிற ஒரு காக்காவை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம், இப்படிப் பிள்ளை பெற்ற சபியா உம்மா சுவர்க்கவாதி என்றார். ஆமீன் என்றார்கள். இல்லை ஹாஜியார், உண்மையைத்தான் சொன்னேன் என்றேன். ஓம் ஓம் என்று முதுகில் தட்டினார்.

வெளியே வர விடவில்லை. ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். அரசாங்கக் கடிதம் இருக்கிறது, உன் கையெழுத்து இருக்கிறது. என்னிடம் வெறும் வாய்தான் இருக்கிறது. நேற்று இரண்டு வீட்டார் என்னைக் காட்டித் தங்கள் பையன்களுக்குப் புத்தி சொன்னார்களாம். மச்சியும் அழுதுகொண்டு, ஆகிலாவுக்காக நீங்கள் பொய் சொல்லலாமா என்று கேட்கிறா. அவவுக்கே விளங்கப்படுத்த முடியவில்லை.

இவ்வளவும் எழுதியது ஒரு செய்தியைச் சொல்ல. நேற்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிச் சபை கூடியது. என்னைக் கூப்பிட்டார்கள். பளீல் ஹாஜியார்தான் சொன்னார்.

"தங்கச்சிக்கு எழுதுங்க தம்பி. தெரியாமச் செஞ்ச பிழ. ஊர் அவவுக்கு மாப்புச் செஞ்சிட்டு. பயப்படாம வீட்ட வரச் சொல்லுங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதிவிட்டேன்.

நளீம்